ராக்கையா ரோடு

டீ சிந்திய பெஞ்சில் விரலை நனைத்து குவாத்தமாலாவை வரைந்துகொண்டிருக்கிறார். மேலே மெக்சிகோ, அதற்கு வடை மடித்த காகிதம். கீழே பனாமா, அதற்குத் தீப்பெட்டி. "நம்ம ஏலக்காய்க்கு வெல வைக்கிறது இங்கிட்டுதான் தோழர். போடியில கூடி ஏலம் விடுறது சும்மா கூத்து" என்கிறார். எதிரில் இருப்பவர் தேனி பஸ்சுக்குக் காத்திருக்கும் மிளகு வியாபாரி. தலையாட்டுகிறார். பஸ் வருகிறது. வியாபாரி எழுந்து ஓடுகிறார். விரல் நிற்கவில்லை. கடைக்காரர் துணியோடு வந்து அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியைத் துடைத்துவிட்டுப் போகும்வரை அது நிற்காது.

பெயர் ராக்கையா. வயது ஐம்பத்தெட்டு. மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் போடிச் செயலாளர். தோளில் ரெக்சின் பை. அதற்குள் செய்தித்தாள் நறுக்குகள், நாடு வாரியாக நூல் போட்டுக் கட்டியவை. பொலிவியாக் கட்டு கனமாக இருக்கும். போடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ராசிங்காபுரத்துக்குக் கட்டு கிடையாது.

எந்தச் சிக்கலோடு யார் வந்தாலும் அவர் முதலில் சொல்வது, "விசயத்தப் பெருசாப் பாக்கணும்." பிறகு பெரிதாக்குவார். மருந்தடிக்கும்போது கண்ணில் தெறித்துவிட்டது என்று சென்ற ஆண்டு ஒருத்தி வந்தாள். அந்த மருந்தை எந்த நாட்டில் தடை செய்திருக்கிறார்கள், தடை செய்த நாடே அதை எப்படிக் கப்பலேற்றி இங்கே விற்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். சொன்னதில் ஒரு பிழை கிடையாது. அவர் சொல்வதில் பெரும்பாலும் பிழை இருக்காது. அவள் ஒரு ஐரோப்பிய நகரத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே வீடு திரும்பினாள்.

அவர் மனைவி அய்யம்மாள் போடியில் ஒரு குடோனில் காய் பொறுக்குகிறாள். காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை தரையில் சம்மணம். வீடு அதில்தான் நடக்கிறது. அந்தக் குடோனில் அறுபது பெண்கள் இருக்கிறார்கள், சங்கம் இல்லை. ஏன் தொடங்கவில்லை என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். "அங்கிட்டுச் சூழல் இன்னும் பக்குவப்படல" என்றார் ராக்கையா. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கேட்டவரின் தோளில் கைபோட்டு, "வீட்டுல சோலிக்குப் போற எடம் மாப்ளே. யோசிக்கணும்ல" என்றார்.

அவருடைய சாதனை ஒன்று உண்டு. ஆறு வருடத்துக்கு முன்பு ஆள் ஏற்றிப் போன ஜீப் ஒன்று போடிமெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்தது. பெண்கள் இரண்டு நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். ராக்கையா பேச்சுவார்த்தைக்குப் போனார். உச்சியில் உள்ள செக்போஸ்ட்டைக் கடக்கும்போது ஒரு ஜீப்பில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் ஆனது. மகத்தான வெற்றி என்று போடி முழுக்க போஸ்டர் ஒட்டினார்கள்.

தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஜீப்பில் பதினேழு பேர்தான் ஏறுகிறார்கள், முன்போலவே. செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் வண்டி நிற்கும். எட்டுப் பேர் இறங்கிக் குறுக்கே பாறைச் சரிவில் ஏறி, அந்தப் பக்கம் கேரளாவில் இறங்குவார்கள். ஒன்பது பேரோடு ஜீப் செக்போஸ்ட்டைக் கடந்து அங்கே போய்க் காத்திருக்கும். முறை வைத்து நடக்கிறார்கள். அந்தச் சரிவுக்குப் பெண்கள் வைத்த பெயர் ராக்கையா ரோடு. அவருக்கும் தெரியும். மரியாதைக்கு வைத்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ரோட்டில்தான் முத்துப்பேச்சி விழுந்தாள். ராசிங்காபுரத்துக்காரி. அன்று அவள் முறை. விடிகாலை மூடுபனியில் பாறை வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அன்றைய வருகைப் பதிவில் பெயர் ஏறியிருந்தால் அது வேலையில் பட்ட அடி. வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு, கால் கூடும்வரை அவள் இடமும் இருக்கும். தோட்டம் பதியவில்லை. அவள் எங்கள் எல்லைக்குள் கால் வைக்கவே இல்லை என்றார்கள். ஜீப் ஓட்டும் சின்ராசு, "என் வண்டில இருக்கும்போது விழுகலயேத்தா" என்றான். இருவர் சொன்னதும் உண்மை. வெள்ளிக்கிழமைக்குள் வேலைக்கு ஏறாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆளை ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் அவனே சொன்னான்.

அவள் ராக்கையாவிடம் மூன்று தரம் வந்தாள். மூன்றாம் தரம் பையை மூடிவிட்டு, "வியாழக்கெழம நானே மேல வர்றேன்" என்றார். அவர் மலையேறி நான்கு வருடம் ஆகியிருந்தது. உயரம் போனால் காது அடைக்கிறதாம்.

வியாழன் காலை போடியில் அவரை ஏற்றிக்கொண்டார்கள். முன் சீட்டு. முத்துப்பேச்சி பின்னால், காலைச் சாக்கு மேல் நீட்டியபடி. வளைவில் வண்டி நின்றது. ராக்கையா கூடியதால் அன்று ஒன்பது பேர் நடக்கவேண்டியிருந்தது. கடைசியாக இறங்கிய மருதாயி முன் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணே, ஒங்க ரோடுதான. ஒரு நட நடந்து பாக்குறது."

"மூட்டு ஒத்துழைக்காது ஆத்தா."

"எங்களுக்கு மட்டும் ஒத்துழைக்குதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் பனிக்குள் போனாள்.

செக்போஸ்ட்டில் ஒருவர் குனிந்து எண்ணினார். ஒன்பது. அந்தப் பக்கம் மற்றவர்கள் வந்துசேர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் டாலர் ஏறினால் வளைகுடா வியாபாரி ஏன் காய் வாங்கத் தயங்குகிறான் என்று ராக்கையா முத்துப்பேச்சிக்கு விளக்கினார். அவள் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து மேனேஜர் கோட்டயத்துக்காரர். "சகாவே, வரூ, இரிக்கூ" என்று நாற்காலி போட்டு, சாயா வரவழைத்தார். முத்துப்பேச்சி வெளியே படியில் உட்கார்ந்தாள். அடுத்த மாதம் விலை எப்படிப் போகும் என்று மேனேஜர் கேட்டார். ராக்கையா ஒரு மணி நேரம் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்த ஆளைத் தன் முதலாளிகூடச் சந்தித்திருக்க மாட்டார் என்றார் மேனேஜர். ராக்கையா இரண்டாவது சாயாவை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு மேனேஜர் அலமாரியிலிருந்து ஆறு வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார். ஒன்பது பேர் என்று இருந்தது. மீதிப் பேர் எப்படி வருவார்கள் என்று எதுவும் இல்லை. அடியில் கையெழுத்து. "இது சகாவுடெ ஒப்பல்லே?" என்றார். ராக்கையா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, தன்னுடையதுதான் என்றார். ஒப்பந்தம் எங்கும் மீறப்படவில்லை என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது. சங்கத்தில் இருந்த நகல் காணாமல் போய்விட்டது, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தார். முத்துப்பேச்சி தூணைப் பிடித்து எழுந்தாள்.

"பேசியாச்சு ஆத்தா. நல்ல மனுசன். மேலிடத்துக்குக் கொண்டுபோறேன்னுருக்காரு."

"எம் பேர எழுதிட்டாகளாண்ணே?"

"ஒருத்தி பேருல என்னத்தா இருக்கு. இது ஒட்டுமொத்தப் பிரச்சன. விசயத்தப் பெருசாப் பாக்கணும்."

"எங் காலு சிறுசுதாண்ணே." அவள் குரலை உயர்த்தவில்லை. "முத்துப்பேச்சினு சொன்னீகளா, இல்லியா?"

ராக்கையா ஜீப் நிற்கிறதா என்று பார்த்தார்.

"குறிப்பாச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜீப் ஐந்தரைக்கு ராசிங்காபுரத்திலிருந்து புறப்பட்டது. முத்துப்பேச்சி மாவுக்கட்டு நனையாமல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏறினாள். கால் சரியாகும்வரை உட்கார்ந்து காய் ஆயட்டும் என்று மருதாயி கங்காணியிடம் கேட்டுவைத்திருந்தாள். வளைவில் எட்டுப் பேர் இறங்கினார்கள். அன்று முத்துப்பேச்சியின் முறை வந்தது. அவளுக்குப் பதில் மருதாயி இறங்கி நடந்தாள். செக்போஸ்ட்டில் எண்ணினார்கள். ஒன்பது.

பத்து மணிக்கு ராக்கையா போடியில் அச்சகத்தில் இருந்தார். துண்டறிக்கையின் புரூஃப் தயாராகியிருந்தது. தலைப்பு, 'ஏலத்தோட்டப் பேச்சுவார்த்தையில் முன்னேற்றம்'. நான்கு பத்தி. இரண்டு பத்தி உலகச் சந்தையைப் பற்றி. மூன்றாவதில் ஓரிடத்தில் 'ஒரு பெண் தொழிலாளி' என்று இருந்தது. கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வழிகாட்டியவர்கள் என்று மூன்று பெயர்கள், அவருடையது மூன்றாவது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து முதல் பெயருக்கு மேலே ஓர் அம்புக்குறி இழுத்தார்.