மெசின் நின்ற ஒன்றரை மணி நேரம்

பேசாலையில் யாகப்பர் கோவிலில் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால், அது அவருக்கும் பங்குச் சுவாமியாருக்கும் இடையிலான விசயமாக இருப்பதில்லை. வரிசையில் நிற்கிற இருபது பேருக்கும் கேட்கும். வெளியே வேப்பமரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறவர்களுக்கும் கேட்கும். பொறுத்துப் பார்த்த சுவாமி, இனி வரிசையில் வரவேண்டாம் என்று சொல்லி, செவ்வாய்க்கிழமைகளில் பங்குமனைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடியில் வைத்துத் தனியாகக் கேட்கத் தொடங்கினார். இதனால் யாகப்பருக்கு ஒரு நன்மையும் உண்டு. அத்தனை வருடம் அவருடைய பாவங்களைக் கேட்ட ஊருக்கு, அந்த மனுசனிடம் ஒளித்து வைக்கிற அளவுக்கு ஒன்றுமே இல்லை என்பது நன்றாகத் தெரிந்துபோயிற்று.

குரல் அப்படி ஆனதற்குக் காரணம் ஐஸ் பக்டரி. அவர் ஐஸ் பக்டரிக்குப் போனதற்குக் காரணம் கடல். தகப்பன் மூன்று வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். மகனுக்கோ கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்துப் பார்த்தார்கள், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. மீன்பிடிக்கிற சாதிசனத்துக்குள் வாந்தியெடுக்கிற ஒருவனை எவ்வளவு காலம்தான் வள்ளத்தில் ஏற்றுவது? இருபத்தாறு வயதில் ஐஸ் பக்டரியில் மெசின் பார்க்கிற வேலை கிடைத்தது. இப்போது ஐம்பத்திரண்டு. பேசாலையிலிருந்து போகிற வள்ளங்களில் பாதிக்குமேல் அவர் உறையவைத்த கட்டியைத்தான் ஏற்றிக்கொண்டு போகின்றன.

அந்த மெசின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனின் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. கத்தவேண்டும். இருபத்தாறு வருடம் கத்திய தொண்டை, வாசலைத் தாண்டியதும் இறங்கிவிடுமா? வீட்டுக்கும் அதே குரல்தான் வந்தது, கல்யாண வீட்டுக்கும் போயிற்று, செத்த வீட்டுக்கும் போயிற்று. காதில் பிழையில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் காட்டி எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் யாகப்பர் “சாப்பிட்டாச்சோ?” என்று கேட்டால், சாப்பிட்டது குற்றம்போல எதிரில் நிற்பவருக்கு ஒரு நடுக்கம் வரும்.

வீட்டில் மனைவி அன்ரோனெற் மட்டும்தான். ஒரே மகள் மதுஷிகா வவுனியாவில் விடுதியில் நின்று கம்பஸில் படிக்கிறாள், இரண்டாம் வருடம். அவள் தாயின் போனுக்குத்தான் எடுப்பாள். “அப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ” என்று முடிப்பாள். பொம்பிளைப் பிள்ளைகள் தாயோடுதான் கதைக்கும் என்று யாகப்பர் இருந்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சீவியத்தில்தான், தை மாதம் பிறந்த கையோடு, பாட்டு ரீச்சர் சுவேதினி வந்து சேர்ந்தாள். ஐஸ் பக்டரிக்கு ஒட்டினாற்போல மீனவர் சங்கத்தின் பழைய வலைக்களஞ்சியம் ஒன்று சும்மா கிடந்தது. முருகைக்கல் சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை. உள்ளே நின்று இருமினாலே இனிமையாகக் கேட்கும். அதில் ஆறு சனிக்கிழமைகள் கச்சேரி வைக்கப் போகிறாள். நாட்டார் பாட்டு, றபான் மேளப்பாட்டு, ப்ளூஸ் என்று பல இடத்துப் பாட்டுக்காரர். மாலை ஆறு முதல் ஏழரை வரை. விபூதிப் புதன் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும், அன்றைக்குத் தொடங்குகிற நாற்பது நாள் தபசுகாலத்தில் இங்கே யார் பாட்டுக் கேட்க வருவார்கள்? இதில் புதினம் என்னவென்றால், மைக் இல்லை. ஸ்பீக்கர் இல்லை. செத்த வீட்டுக்கே நாலு மரத்தில் ஸ்பீக்கர் கட்டுகிற ஊரில் மைக் இல்லாத கச்சேரி. சனம் சிரித்தது.

களஞ்சியத்தில் ஒரே ஒரு குறை, பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாகப்பரின் மெசின். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் சுவேதினி வந்தாள். கேட்டாள். யாகப்பர் கையை விசுக்கி, கண்ணை உருட்டி, வாயை அகலத் திறந்து ஏதோ சொன்னார். அவள் இரண்டடி பின்னால் போய், “சொறி ஐயா, குறை நினைக்காதையுங்கோ” என்றுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். வேறு மண்டபம் தேடுவதாக அடுத்த நாள் ஊரில் கதை.

யாகப்பர் திகைத்துப்போனார். சனிக்கிழமை இரவு இங்கே பெரும்பாலும் ஆரும் தொழிலுக்குப் போவதில்லை, ஞாயிறு பூசை இருக்கிறது. மெசினை நிறுத்திவிட்டு, உப்புத்தண்ணீர்த் தொட்டியின் பலகை மூடிகளைப் போட்டு மேலே சாக்கு விரித்தால் ஒன்றரை மணி நேரத்தில் கட்டி அசையாது. அதைத்தான் அவர் சந்தோசமாக விளக்கினார். கடைசியில் அன்ரோனெற் போய்ச் சொல்லவேண்டி வந்தது.

“அவர் ஓம் எண்டுதான் சொன்னவர் ரீச்சர். அவர் ஓம் எண்டாலும் அப்பிடித்தான் இருக்கும்.”

முதல் சனிக்கிழமை ஆறு மணிக்கு யாகப்பர் மெசினை நிறுத்தினார். மூடிகளைப் போட்டார், சாக்கு விரித்தார், கையைத் துடைத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போய்க் கடைசிக் கதிரையில் அன்ரோனெற்றுக்குப் பக்கத்தில் இருந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவன் விரலில் ஒரு இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு கிற்றாரில் வழுக்கி வழுக்கி வாசித்தான். அமெரிக்காவில் பருத்தித் தோட்டத்தில் அடிமையாகக் கிடந்த சனத்தின் வழியில் வந்த பாட்டுத்தான் ப்ளூஸ் என்று சுவேதினி சொல்லியிருந்தாள். யாகப்பருக்குப் பாசை விளங்கவில்லை. ஆனால் அந்தக் கம்பி அழுவதற்கும் சிரிப்பதற்கும் இடையில் எங்கோ நின்றுகொண்டு அவரை என்னவோ செய்தது. மனம் நிறைந்துபோய், மனைவியின் காதுக்குள் இரகசியமாகச் சொன்னார்:

“நல்லாத்தான் வாசிக்கிறான், என்ன!”

கிற்றார் நின்றது. எண்பது தொண்ணூறு தலைகள் திரும்பின. வாசித்தவன் சிரித்தபடி நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்தான், சனமும் சிரித்தது. யாகப்பர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது முருகைக்கல் சுவரில் பட்டு அவருக்கே திரும்பி வந்திருந்தது. தன் குரலை வேறொருவனின் குரல்போல அவர் அன்றுதான் கேட்டார். பாராட்டின குரலா அது? யாரையோ அடிக்கப் போகிறவனின் குரல்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்.

“நான் எப்பவும் இப்பிடியோ கதைக்கிறனான்?”

“ஓம்.”

“வீட்டிலையுமோ?”

“வீட்டிலையும்தான். கலியாணம் கட்டின முதல் வருசம் நான் ஒளிச்சு ஒளிச்சு அழுதனான். பிறகு பழகிப்போச்சு.”

யாகப்பருக்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டார்.

“பிள்ளை?”

அன்ரோனெற் இனி ஒளிக்கவில்லை. எல்லாம் சொன்னாள். மதுஷிகா முதன்முதல் கம்பஸுக்குப் போன நாள், மன்னார் பஸ் ஸ்ராண்டில் வைத்து அவர் சொன்னாரே, சாப்பாட்டைத் தவறவிடாதே, தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனையாதே என்று? பஸ் முழுக்க எட்டிப் பார்த்ததாம். அதே பஸ்ஸில் விடுதிக்குப் போன இரண்டு பெட்டைகள், “உன்ரை அப்பா ஏன் உன்னை அப்பிடி ஏசினவர்?” என்று கேட்டார்களாம். பிள்ளை பாதி வழி, செட்டிகுளம் வரைக்கும் அழுதுகொண்டு போனதாம். சின்னதிலிருந்தே அப்படித்தான். அப்பாவுக்குத் தன்னில் எப்போதும் கோபம், தான் எதைச் செய்தாலும் பிழை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் அவளைக் கூப்பிட்டு, கோபமில்லையெண்டு கத்துவியள்.”

அன்றிரவு அந்த மனுசன் சாப்பிடவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளையைக் கொஞ்சினதாக நினைத்துக்கொண்டு மிரட்டியிருக்கிறேன் என்பதை எந்தத் தகப்பனால் விழுங்க முடியும்? வலித்தது. நன்றாகவே வலித்தது.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்து தன் போனிலிருந்து மகளுக்கு எடுத்தார். அடித்து அடித்து நின்றது. இரண்டு நிமிடத்தில் அன்ரோனெற்றின் போன் அடித்தது. “அப்பா எடுத்தவர், என்னவாம் அம்மா?” யாகப்பர் போனை வாங்கினார். மெல்லமாக என்று மனதுக்குள் மூன்று தரம் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் வைத்துவிடுவாளோ என்ற அந்தரத்தில் குரல் வழக்கத்தைவிட எகிறிப் போயிற்று.

“பிள்ளை!”

“ஓம் அப்பா. அம்மாட்டைக் குடுங்கோ.”

குடுத்துவிட்டார்.

குரலை இறக்குவது மெசினைத் திருத்துவதைவிடக் கரைச்சலான வேலை என்று அந்தக் கிழமை கண்டுகொண்டார். கடையில் மெல்லமாகச் சீனி கேட்டார். கடைக்காரன், “என்ன யாகப்பண்ணை, சுகமில்லையோ?” என்று கதிரை எடுத்துப் போட்டான். பக்டரியில் மெல்லமாகச் சொன்னார், கட்டி ஏற்ற வந்தவன் வேறு கட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வீட்டில் மெல்லமாகப் பேசினால் சொல்லின் பாதியில் தொண்டை தானாகவே பழைய இடத்துக்கு ஏறி நின்றது. அன்ரோனெற் பாவம், சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தாள்.

மூன்றாம் சனிக்கிழமை சிலாவத்துறையிலிருந்து நௌபர் என்ற பாட்டுக்காரர் தன் ஆட்கள் நாலு பேரோடு றபானைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலால் தோலைத் தட்டி, அடித்தொண்டையால் பாடினார்கள். கூட்டம் ஆடாமல் அசையாமல் கேட்டது. முடிந்து வெளியே பிளேன்ரீ குடிக்கும்போது யாகப்பர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“நானா, மைக்கும் இல்லை, நீங்கள் கத்தவும் இல்லை. கடைசிக் கதிரை வரைக்கும் எப்பிடிக் கேக்குது?”

நௌபர் சிரித்தார். “இங்க வாறவங்க காதையும் கொண்டு வாறாங்க அண்ணன். ஒங்கட மெசின் காதக் கொண்டா வருது?”

அன்று யாகப்பர் இன்னொன்றையும் கவனித்தார். நௌபரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் இறங்கியிருந்தது. யோசித்துப் பார்த்தார். மெசினை நிறுத்திய உடனே தொண்டை இறங்குவதில்லை, தொட்டியின் குளிர் உடனே இறங்காததுபோல. பாட்டுக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஏழரைக்கு நல்ல பதம். ஏழரைக்கு மறுபடி மெசினைப் போட்டால் அத்தோடு சரி, போயிற்று. நாலாம் கிழமையும் ஐந்தாம் கிழமையும் அதைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். பிள்ளையோடு பேசுவதென்றால் அந்த நேரத்தில்தான் பேசவேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏழரை மணி என்றால் ஏழரை மணிதான், மெசின் காத்துக்கொண்டிருக்கும். பேச வாய்த்த நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆறாவது சனிக்கிழமைதான் கடைசி. வருகிற புதன் விபூதிப் புதன், அதற்குப் பிறகு மெசினை நிறுத்தச் சொல்லி ஒருவரும் கேட்கப் போவதில்லை. அன்று களஞ்சியம் நிரம்பிச் சனம் வாசலிலும் நின்றது. கொழும்புக்காரனின் கிற்றார், நௌபரின் றபான், சுவேதினியின் குரல் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. யாகப்பர் ஆறு மணியிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அன்ரோனெற் ஏதோ கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினார். ஏழரைக்கு எழும்பினார். அப்போது சனம் கைதட்டி, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டது. சுவேதினி கூட்டத்துக்கு மேலால் யாகப்பரைப் பார்த்து, ஒரு விரலை நீட்டிக் கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டு நேரே பக்டரிக் கந்தோர் அறைக்குள் போனார். மேசையில் பழைய போன் ஒன்று இருக்கிறது, முதலாளி கூப்பிட்டால் மட்டும் அடிக்கும். தன் போனிலிருந்து எடுத்தால் பிள்ளை எடுக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். கடதாசித் துண்டில் எழுதி வைத்திருந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக அமத்தினார்.

“ஹலோ?”

“சாப்பிட்டியோ பிள்ளை?”

“ஆர் கதைக்கிறது?”

“நான்தான்.”

“நான்தான் எண்டால்? ஆர் அங்கிள் நீங்கள்? நம்பர் மாறி எடுத்திட்டியளோ?”

பெற்ற பிள்ளைக்குத் தகப்பனின் குரல் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இந்தக் குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லையே.

“அப்பா பிள்ளை. அப்பா கதைக்கிறன்.”

பிள்ளை பயந்துபோனாள்.

“அப்பா? என்னப்பா செய்யுது? ஏன் இப்பிடிக் கதைக்கிறியள்? அம்மா எங்கை?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அம்மா பாட்டுக் கேக்கிறா. மெசினை நிப்பாட்டி வச்சிருக்கிறன், அதுதான் இப்பிடிக் கேக்குது.” மூச்சு எடுத்தார். “பஸ் ஸ்ராண்டிலை அண்டைக்கு நான் ஏசேல்லை பிள்ளை. ஒரு நாளும் ஏசேல்லை. எனக்கு உன்னிலை கோபமே இல்லை.”

மதுஷிகா அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். விடுதியில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகிறது, பரீட்சை பங்குனியில், தலைக்கு எண்ணெய் வைக்கிறாள், ஒழுங்காகவே வைக்கிறாள். யாகப்பர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றார். சுவருக்கு அப்பால் பாட்டு முடிந்தது, கைதட்டு முடிந்தது, கதிரைகளை இழுக்கிற சத்தம் கேட்டது. சுவேதினி வாசலில் தலையை நீட்டி, இனி மெசினைப் போடலாம் என்று கையால் காட்டினாள்.

“பாட்டு முடிஞ்சுது பிள்ளை. மெசினைப் போடவேணும்.”

“போட்டால் பிறகு பழையபடி கத்துவியளோ அப்பா?”

“ஓம் போலத்தான் கிடக்கு.”

“அப்ப போடாதையுங்கோ. இன்னும் கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கோ.”