வலிக்காமல் பெற்றவள்

காலையில் எழுந்ததும் தேங்காயெண்ணெயைத் தோண்ட வேண்டும் என்று சொன்னால் என் ஊர் போடியில் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே எண்ணெய் ஊற்றுகிற பொருள். இங்கே மலையில் அது பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாக உட்கார்ந்திருக்கும், அடுப்போரம் வைத்துக் கொஞ்ச வேண்டும். இந்த ஏலத்தோட்டத்துக்கு வந்த புதிதில், கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பாட்டிலை அப்படியே தூக்கி எறிந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. ஏலக்காயைப் பற்றி மட்டும்தான் அவர் கருத்துச் சொல்வார்.

என்னைப் புலம்பெயர்ந்தவள் என்றால் கீழே இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். கப்பல் ஏறவில்லை, கடல் தாண்டவில்லை. ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறினேன், அவ்வளவுதான். மேகம் இல்லாத நாளில் மெட்டில் நின்றால் போடி காலடியில் தெரியும். ஆனால் மெட்டுக்கு இந்தப் பக்கம் இப்போது கேரளம். சர்க்கார் வேறு, அரிசி வேறு, செக்போஸ்ட்டில் மூட்டையைக் குத்திப் பார்ப்பவர் திட்டுகிற பாஷையும் வேறு. ‘நாடு எவிடெயா?’ என்று எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். சொந்த ஊர் எது என்று அர்த்தம். கேட்கிறவரே கோட்டயம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவராக இருப்பார். இங்கேதான் என் ஊர் என்று சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

தலைப்பிரசவம் போடியில் அம்மா வீட்டில் நடந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பொழுது விடிந்தது, சாய்ந்தது, மறுபடியும் விடிந்தது, நான் கத்திக்கொண்டே இருந்தேன். அப்பா வயலைப் பார்க்கப் போகிறேன் என்று போனவர், அறுப்பு முடிந்த வயலை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மருத்துவச்சி என் வாயில் துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள். கடித்துக் கிழித்த அந்தத் துண்டை அம்மா வெகுநாள் வருவோர் போவோரிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். அவளுக்கு அது பெருமை. அவள் அதை எடுத்தாலே நான் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன். மகள் நன்றாகப் பிறந்தாள், நன்றாகவே வளர்கிறாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் வந்த வழியைத்தான் மறக்க முடியவில்லை.

இரண்டாவது பிள்ளை எங்கள் வழக்கப்படி புருஷன் வீட்டுப் பொறுப்பு. ஆகவே மலையிலேயே என்று ஆனது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குச் சீமையில் படித்துவிட்டு ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதுகிலே ஒரு ஊசி போடலாம். இடுப்புக்குக் கீழே வேதனை ஒண்ணும் தெரியாது. நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க. வேண்டாம்னா வேண்டாம். உங்க இஷ்டம்.”

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தேன். என் இஷ்டம் என்ன என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “ஒன் இஷ்டம்” என்றார் அவரும், காயவைத்த ஏலக்காயைக் கிளறிக்கொண்டே. ஒரே நாளில் இரண்டு பேர் என் இஷ்டத்துக்கு விட்டதில் எனக்குக் காய்ச்சலே வரும்போல் இருந்தது.

சேதி எப்படியோ மலையிறங்கிவிட்டது. அடுத்த லோடு ஜீப்பிலேயே அம்மா வந்து சேர்ந்தாள்.

“முதுகெலும்புல ஊசியக் குத்துறதா? ஏண்டி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“வலிக்காதாம்மா.”

“வலிக்காமப் பெத்தா அது ஒன் பிள்ளைன்னு ஒனக்கு எப்பிடித்தா தெரியும்?”

அவள் பெற்றது ஏழு, நின்றது மூன்று. அத்தனைக்கும் துண்டைக் கடித்தவள். நான் ஊசி போட்டுக்கொண்டால் அவள் கடித்த துண்டுகளுக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். வெறும் பிடிவாதம் என்று அதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. சாவு பயம் இல்லை. அந்த வலி என்னை அடையாளம் தெரிந்துகொண்டு திரும்ப வரும் என்ற பயம். அம்மாவை நோகடிப்பதா, நான் நோவதா என்று ஐப்பசி முழுக்க யோசித்தேன். அவளும் என்கூடவே இருந்து, விறகடுப்பை ஊதிக்கொண்டே யோசிக்கவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

வலி ஒரு காலை நேரத்தில் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சோலியைத் தொடங்கினாள். எங்கள் பக்கம் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துவிட்டால் வீட்டில் எதுவும் பூட்டிக் கிடக்கக் கூடாது, எதுவும் முடிச்சுப் போட்டிருக்கக் கூடாது. பெட்டி, பீரோ, கதவு எல்லாம் திறக்க வேண்டும். என் கொண்டையை அவிழ்த்தாள். பெட்டியைத் திறந்தாள். சன்னல்களைத் திறந்தாள், மேகம் உள்ளே வந்தது. பிறகு ஆஸ்பத்திரி அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். நர்ஸ் சேச்சி ஓடிவந்தாள்.

“அய்யோ, எந்தா இது! அம்மே, அதொக்கெ ஆஸ்பத்திரி சாமானமாணு!”

“நான் ஒண்ணும் எடுக்கல தாயி. தெறந்து மட்டும் வச்சுட்டுப் போறேன்.”

திறந்து வைத்துவிட்டுப் போகிற திருடியை நர்ஸ் சேச்சி எங்கேயும் பார்த்திருக்கமாட்டாள். இவள் மூடினாள், அம்மா திறந்தாள். நான் பிள்ளை பெறுவது இவளுக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவுக்குச் சந்தேகம். அம்மா வாசலுக்குப் போய், லோடு ஏற்றிக் கிளம்ப இருந்த ஜீப்பு டிரைவரைப் பிடித்தாள். “அண்ணே, கோவிச்சுக்கிறாதீக, உள்ள எம்மக வலியில கெடக்கா, கயித்த வெரசா அவுத்து விடுங்க.” அவரும் போடிக்காரர். மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டிய கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அன்றைக்கு ஏலக்காய் தாமதமாகத்தான் கீழே போனது. அதைப் பற்றி வீட்டுக்காரர் கருத்துச் சொன்னார்.

டாக்டரம்மா வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “திறந்துட்டுப் போகட்டும். மருந்து அலமாரி மட்டும் வேண்டாம்.”

“அத நான் தொடல” என்றாள் அம்மா. “அந்த ஊசி அதுக்குள்ளதான இருக்கு? அது பூட்டியே கெடக்கட்டும்.”

அப்போது பெரிய வலி ஒன்று வந்தது. இடுப்பைக் கோடாலியால் பிளப்பதுபோல் இருந்தது. அதுவேதான், போடியிலிருந்து வழி கேட்டு வந்துவிட்டது. டாக்டரம்மா குனிந்து, “சொல்லுங்க, ஊசி வேணுமா?” என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்பதால் நானும் சுவரையே பார்த்தேன்.

“வேணும்” என்றேன்.

டாக்டரம்மா சாவியை எடுத்து மருந்து அலமாரியைத் திறந்தார்.

“எல்லாந் தெறந்தாச்சு” என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கால்கள் சூடேறி, கனத்து, பிறகு இல்லாமலே போயின. வலியும் போயிற்று. எப்போது முக்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் சேச்சி என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, “இப்போ” என்பாள், நான் முக்குவேன். என் பிரசவத்துக்கு நானே ஒத்தாசைக்கு வந்தவள்போல இருந்தது. மத்தியானத்துக்குள் பையன் பிறந்தான். ஈரமும் சூடுமாக என் நெஞ்சில் கொண்டுவந்து போட்டார்கள். என் பிள்ளை என்று தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அழுதேன். வலித்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மறுபடியும் கேட்டால் மறுபடியும் வேணும் என்றுதான் சொல்வேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா வந்தாள். என் கால்கள் இன்னும் திரும்பி வரவில்லை. பையனைப் பார்த்தாள், திருஷ்டி கழித்தாள். கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டிக்கொடுத்த நாளுக்குப் பிறகு அவள் என்னை அப்படி எடுத்து வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட்டாள், உள்ளங்காலைப் பெருவிரலால் தேய்த்தாள்.

“ஐஸா கெடக்கேடி. தெரியுதா, ஆத்தா?”

மூங்கில் பாலத்தின்மேல் நின்று ஆற்றில் கால் நனைப்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். என் பாதம், அம்மாவின் கை. இரண்டும் அந்தப் பக்கம் இருந்தன, நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

“தெரியுதும்மா” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். அதையும் பார்த்தேன்.