வழியனுப்பு பேனர்

என் மனைவிக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அதற்காக மூன்று மாதம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, எல்லையிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு வந்து சேர்ந்திருந்தேன். வந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, சண்டை மூண்டது. லீவு ரத்து, உடனே கிளம்பு என்று செய்தி வந்தபோது அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ராணுவத்தில் சாவுக்குப் பயப்படாதவன் இருக்கலாம், லீவு போனால் வயிறு எரியாதவன் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரம் எதிரி மேல் இல்லை, தேதி மேல்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க மாட்டானுங்களா?" என்றாள் அவள். அண்ணனூரில் பிறந்து வளர்ந்தவள், யாரையும் கேள்வி கேட்பாள்.

எங்கள் அடுக்குமாடியில் நாற்பது வீடு. சங்கச் செயலாளர் திருநெல்வேலிக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. நான் கிளம்பும் செய்தி கேட்டதும் என்னை முறைப்படி வழியனுப்ப முடிவு செய்துவிட்டார். புதன்கிழமை காலை பெட்டியோடு கீழே இறங்கினால் கேட்டில் பத்துக்கு எட்டு பேனர் தொங்குகிறது. நடுவில் யூனிபார்மில் என் போட்டோ. சுற்றிலும் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே 'வீர வழியனுப்பு'. கீழே இடது ஓரம் 'தோற்றம்' என்று போட்டு என் பிறந்த தேதி. வலது ஓரம் அதே அளவுக்குக் காலியிடம்.

"இன்னாது இது?" என்றாள் என் மனைவி.

கயிறு கட்டிக்கொண்டிருந்த பேனர் கடைக்காரர் ஏணியிலிருந்து பதில் சொன்னார். "மிலிட்டரிக்காரங்களுக்கு நம்ம கைல ஒரே டிசைன்தான் கீதும்மா. வார்த்தய மட்டும் மாத்திக்கீறேன்."

"அத்த கயட்டு."

"மேடம், ஒரு வாரம் இருக்கட்டும். நம்ம எல்லாருக்கும் பெருமைதானே?" என்றார் செயலாளர். பாவம், மனுஷன் நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். மாலை போட்ட என் போட்டோவுக்குக் கீழே, கழுத்தில் இன்னொரு மாலையோடு நின்றேன். நாற்பது வீட்டாரும் போனில் படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

ரயிலில் என்னைக் காலைத் தொங்கப்போட்டு உட்காரக்கூட விடவில்லை. படுங்க சார், சாப்பிடுங்க சார் என்று ஒரே உபசாரம். எதிர் பெர்த்துக்காரர் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி, நான் எங்கே நின்று எப்படிச் சண்டை போட வேண்டும் என்று விளக்கினார். நான் ரேஷன் லாரி ஓட்டுகிறவன். தலையாட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முகாமில் இறங்கியதும் போனை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். எல்லோருடைய போனும் அதில்தான். என்ன வேலை தருவார்களோ என்று விறைப்பாக நின்றேன். சுபேதார் ஒரு வாளிச் சுண்ணாம்பும் பிரஷ்ஷும் கொடுத்தார். சண்டை முடிந்ததும் பெரிய அதிகாரி பார்வையிட வருவாராம். வழி நெடுக இருக்கும் கற்கள் வெள்ளையாக இருக்க வேண்டுமாம்.

அடித்தேன். வேறென்ன செய்ய? சைரன் ஊதினால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழியில் குதிப்போம். தலைக்கு மேல் என்னென்னவோ வெடிக்கும். வெளியே வந்ததும் சுபேதார் எங்களைப் பார்க்க மாட்டார். ஈரக் கல்லை எவனாவது மிதித்திருக்கிறானா என்றுதான் பார்ப்பார். சனிக்கிழமை சாயங்காலம் சண்டை நின்றுவிட்டதாகச் சமையல்காரன் சொன்னான். அப்படியானால் போன்? போனை வாங்கி வைக்கத்தான் உத்தரவு வந்திருந்தது, திருப்பிக் கொடுக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது கோட் அடிக்கச் சொன்னார்கள். அந்நேரம் வீட்டில் வளைகாப்பு நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

வீட்டில் நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். பேனர் படம் ஊர் சுற்றி எங்கள் சொந்தக்காரர்களிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. விளக்கையும் மாலையையும் பார்த்தவர்கள் மேலே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. துக்கம் விசாரித்த ஒவ்வொருவருக்கும் அவள் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். "அப்போ அவன் போன் ஏன் போகல?" என்று கேட்டவர்களுக்காக என் நம்பரை மறுபடி மறுபடி அடித்துப் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் கீழே இறங்கிப் போய், பேனரில் இருந்த அந்தக் காலியிடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பெண்கள் வந்தார்கள். வேலூரிலிருந்து வந்த என் பெரியம்மா பையில் வளையலும் இருந்தது, ரோஜா மாலையும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தாராம். தட்டு நிறைய கண்ணாடி வளையல். அவளை மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, அப்புறம் யாரும் கை நீட்டவில்லை. நீ போடு, நீ போடு என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். "ஒரு போன் வந்துடட்டுமே" என்றார் பெரியம்மா. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஒருவழியாக இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். சுண்ணாம்புக் கையோடு ஓடிப்போய் எடுத்துக் கூப்பிட்டேன்.

"யாரு?" என்றாள். என் நம்பர் அவளுக்குத் தெரியாதா?

"நான்தான்."

"நீயா பேசற?"

"நான்தான்டி. இவ்ளோ நேரம் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருந்தேன்."

சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு பட்டு இன்னும் எரிந்தது.

"வளையல் போட ஒருத்தியும் முன்ன வரல. தட்ட இழுத்து நானே ரெண்டு கைலயும் போட்டுக்கினேன். எல்லாரும் என்னப் பாத்துக்கினே இருந்தாங்க. நான் போட்டுக்கினது சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

"சரிதானே?"

போனை வைப்பதற்குள் ஆறு தடவை கேட்டாள். ஆறு தடவையும் சரி என்றேன்.