திறந்து வைத்த திரைக்கு ஒரு கேக்

ஜட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகராட்சி. அங்கே டோர்த்தே ரிஸ்கேர் இருபத்தோரு வருஷம் பூட்டுத் திறந்துகொண்டிருந்தாள். கதவுப் பூட்டு இல்லை, கணினிக் கணக்குகளின் பூட்டு. கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியாரானாலும் சரி, கிழவர்களைக் குளிப்பாட்டிவிடப் போகும் பணிப்பெண்ணானாலும் சரி, மேயரே ஆனாலும் சரி, டோர்த்தேவுக்குத்தான் போன் போட்டாக வேண்டும்.

வாரத்தை எண் போட்டே சொல்கிற ஊர் அது; வருஷத்தில் 32ஆம் வாரம், அதாவது ஆகஸ்ட் முதல் வாரம்தான் அவளுக்குத் திருவிழா. மூன்று வாரம் கோடைவீட்டில் காலை நீட்டிக் கிடந்துவிட்டு வந்த ஜனத்துக்குச் சொந்தப் பேரே பாதி மறந்திருக்கும், கடவுச்சொல்லா ஞாபகம் இருக்கப் போகிறது? திங்கட்கிழமை எட்டு மணிக்கே போன் அலற ஆரம்பிக்கும்.

"டோர்த்தே, நான்தான். குரல் தெரியலையா? பதினஞ்சு வருஷமா ஒரே கேன்டீன்ல சாப்பிடுறோம்!"

"குரல் நல்லாவே தெரியுது. குரலுக்கெல்லாம் திறக்கிறதில்ல. போனை வை. பதிவுல இருக்கிற நம்பருக்கு நானே கூப்பிடுறேன். எடுக்கலன்னா, இது நீதான்னு உன் மேலதிகாரி எழுதிக் கொடுக்கணும்."

"கொழுப்புடி உனக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். போனை வை."

இந்தச் சட்டத்தை எழுதியவளே அவள்தான். போனுக்கு மேலே சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'திருப்பிக் கூப்பிடு, இல்லையென்றால் மேலதிகாரியின் எழுத்து வேண்டும். கேட்பது நானே ஆனாலும்.' பக்கத்து நாற்காலியில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருந்த ஹென்னிங், அந்தக் கடைசி வரியைப் பார்த்து அடிக்கடி சிரிப்பான். "நீயே கேட்டாலுமா? உனக்கு எங்கடீ கணக்கு பூட்டப் போகுது?" என்பான்.

இன்னொரு வழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள். திரையைப் பூட்டாமல் எவனாவது காபி எடுக்கப் போனால், பக்கத்தில் இருப்பவர் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கணக்கிலிருந்தே எல்லோருக்கும் ஒரு மெயில் தட்டிவிடலாம்: 'நாளைக்கு என் செலவில் கேக். அன்புடன்...' மறுநாள் அவன் கேக் கொண்டுவந்தே தீர வேண்டும். நான் எழுதவில்லை என்று சொல்லக் கூடாது, கோபப்படவும் கூடாது. திட்டித் திட்டி நடக்காத காரியம் கேக்கால் நடந்தது. இரண்டே வருஷத்தில் நகராட்சி முழுக்க, எழுந்திருக்கும்போதே விரல் தானாகப் பூட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

பழகாதவன் ஒருவன்தான், ஸ்டீன். கணினிப் பிரிவுக்கே அவன் தலைவன் என்பதுதான் வேடிக்கை. பழுப்புச் சர்க்கரை உருகி வழிகிற கேக்கைப் பதினோரு தடவை சுமந்துகொண்டு வந்திருக்கிறான். அதில் ஒன்பது டோர்த்தே அடித்த மெயில். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரித்தார்கள், ஸ்டீனும் சிரித்தான். நல்லவன் என்று பேர் வாங்க அந்தச் சிரிப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது.

டோர்த்தேவுக்கு வயது ஐம்பத்தொன்பது. கணவன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் படகு வாங்கப் போன இடத்தில், படகு விற்றவளோடேயே தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. காலையில் கடற்காற்றை எதிர்த்து சைக்கிள் மிதிப்பாள். மத்தியானம் கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனும். சாயந்திரம் மறுபடி சைக்கிள். 'டோர்த்தே ஏமாற மாட்டாள்' என்று நாலு பேர் சொல்கிறார்களே, அந்தப் பேர்தான் அவள் சொத்து. அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது.

அது 29ஆம் வாரம், புதன்கிழமை. நாடே விடுமுறையில் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் இருந்தது இரண்டே பேர். டோர்த்தே ஒருத்தி, மத்தியானம் கப்பல் பிடித்துத் தீவுக்குப் போவதற்காகக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்டீன் இன்னொருவன். பத்து மணிக்கு ஒரு பெண் போன் பண்ணினாள். முதியோர் பராமரிப்பு மேற்பார்வையாளர் அனெத் பேசுவதாகச் சொன்னாள். கோடைவீட்டில் இருக்கிறாளாம், கணக்கு பூட்டிக்கொண்டதாம், பழைய போன் கடலில் விழுந்துவிட்டதாம்.

"அப்ப திறக்க முடியாது. உன் மேலதிகாரி எழுதணும்," என்றாள் டோர்த்தே.

"அவரும் லீவுல இருக்காரே!"

"அப்போ அவர் வர்றவரைக்கும் பொறுத்துக்கோ."

ஒரு மணி நேரம் கழித்து ஸ்டீனிடமிருந்து மெயில் வந்தது. 'டோர்த்தே, அனெத் என்னிடம் பேசினாள். அது அவள்தான், நான் பொறுப்பு. திறந்துவிடு. லீவு நாளில் முரண்டு பிடிக்காதே. ஸ்டீன்.'

எழுந்துபோய்க் கேட்கலாம் என்று ஜன்னல் வழியே பார்த்தாள். கார் வெளியே போய்க்கொண்டிருந்தது. அனெத்தின் மேலதிகாரி இல்லாவிட்டாலும் தன் மேலதிகாரியின் எழுத்து கையில் இருந்தது, சட்டமும் ஒரு மேலதிகாரியின் எழுத்தைத்தானே கேட்டது? போன் பண்ணியவளுக்குப் புதுக் கடவுச்சொல்லைச் சொல்லித் திறந்துவிட்டாள்.

போன் பண்ணியது அனெத் இல்லை. எவளோ ஒருத்தி. தனியாக வாழும் நானூறு கிழவர்களின் விலாசம், பணிப்பெண்கள் சாவி எடுத்துக்கொள்ள அவர்கள் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பெட்டியைத் திறக்கும் எண், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் மூன்று வீடுகளில் திருட்டு. ஒரு வீட்டில் எண்பத்தாறு வயது விகோ என்கிறவர் சத்தம் கேட்டு எழுந்து வர, பிடித்துத் தள்ளிவிட்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளூர்ப் பேப்பரில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு டோர்த்தே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யார் சொல்லித் திறந்தால் என்ன, திறந்தது இந்த விரல்தானே என்று அழுதாள்.

32ஆம் வாரம் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். கடவுச்சொல்லை அடித்தாள். 'உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது' என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை அடிப்பதற்குள் பணியாளர் பிரிவின் தலைவி லோனே வந்து தோளில் மெல்லக் கை வைத்தாள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னாள்.

"ஸ்டீன் எழுதினதாலதான் திறந்தேன்," என்றாள் டோர்த்தே.

"ஸ்டீன்கிட்டக் கேட்டோமே. தனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்றான். அவன் மெயில்ல அப்படி எதுவும் இல்ல."

அழித்துவிட்டான்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிகிறான், பாவி. ஆனால் அவன் அனுப்பியது அவளுடைய பெட்டியில் இருக்குமே. அதை எடுத்துக் காட்டினால் தீர்ந்தது. கணக்கு மட்டும் திறக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தன் பழைய எண்ணுக்கே போன் போட்டாள். ஹென்னிங் எடுத்தான்.

"ஹென்னிங், என் கணக்கைத் திறந்துவிடு. பத்து நிமிஷம் போதும். ஒரே ஒரு மெயில்."

"டோர்த்தே..." என்று இழுத்தான். "உன் மேலதிகாரி எழுதணுமே."

"என் மேலதிகாரி ஸ்டீன். அவன் எப்படி எழுதுவான்? அவனுக்கு எதிரான மெயிலைத்தான் எடுக்கப் போறேன்!"

"தெரியுது. ஆனா தாள் என் கண்ணு முன்னாடி ஒட்டியிருக்கே. கேட்பது நானே ஆனாலும்னு நீதானே எழுதின?"

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு!"

"அதுக்கும் ஸ்டீனைக் கேக்கணும்."

வேடிக்கைக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் மேல் வந்த கோபத்தை எங்கே கொட்டுவது? அவள் எழுதிய சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறான். ஊருக்கெல்லாம் இப்படித்தானே அவளும் சொன்னாள்.

தொழிற்சங்கத்தின் ஊல்லா நல்லவள்தான். எழுதினாள், பேசினாள், காத்திருக்கச் சொன்னாள். 33, 34, 35 என்று வாரங்கள் போயின. கடையில் எதிரே வந்தவர்கள் "என்ன டோர்த்தே, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் தக்காளியைப் பார்க்கப் போனார்கள். விகோ இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் பூங்கொத்தோடு போனாள். வாசல்வரை போய்விட்டு, உள்ளே போய் என்ன பேரைச் சொல்வது என்று புரியாமல், பூவைத் தாதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

37ஆம் வாரம் ஊல்லா போன் பண்ணினாள். "கிடைச்சிடுச்சு! வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு, லோனே அறையில, எல்லாரும் பார்க்க உன் கணக்கைத் திறக்கிறாங்க. அஞ்சு மணி வரைக்கும். ஸ்டீன் எழுதிக் கொடுத்துட்டான்."

"ஸ்டீனா? அவனாவா?"

"கேட்ட உடனே கொடுத்துட்டான்டி. உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

அந்தச் சுலபம்தான் டோர்த்தேவுக்கு உறுத்தியது. இருந்தாலும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

மேஜையில் காபி ஃபிளாஸ்க்கும் மெழுகுவத்தியும் வைத்திருந்தார்கள். ஆளை வேலையை விட்டுத் தூக்குகிற கூட்டத்துக்கும் மெழுகுவத்தி ஏற்றாவிட்டால் அங்கே மனசு ஒப்பாது. டோர்த்தே கடவுச்சொல்லை அடித்தாள். திறந்தது. எட்டு வாரத்து மெயில்களைத் தாண்டித் தாண்டிக் கீழே போனாள். இருந்தது! ஒரு எழுத்து குறையாமல் இருந்தது. உரக்கப் படித்தாள்.

"பார்த்தீங்களா? பார்த்துக்கோங்க!" என்றாள் ஊல்லா.

லோனே ஸ்டீனைப் பார்த்தாள். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு, பதினோரு தடவை சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

"அட, இதுதானா? இது கேக் மெயில் மாதிரிதான் இருக்கு. அன்னிக்கு நான் சாமான் ஏத்தக் கீழயும் மேலயும் அலைஞ்சுகிட்டு இருந்தேன். ஸ்கிரீன் திறந்துதான் கிடந்தது. என் லட்சணம்தான் உங்களுக்கே தெரியுமே."

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். லோனேகூட லேசாகப் புன்னகைத்தாள். அப்புறம் அந்தப் புன்னகை நின்றது. "அன்னிக்கு ஆபீஸ்ல வேற யார் இருந்தாங்க?"

ஸ்டீன் வருத்தத்தோடு கையை விரித்தான். "நானும் டோர்த்தேயும்தான்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பேரில் மெயில் அனுப்புவதில் ஊரறிந்த கைகாரி யார்? ஒன்பது தடவை செய்தவள் பத்தாவது தடவை செய்திருக்க மாட்டாளா? சட்டத்துக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது, தானே தயார் பண்ணிக்கொண்டாள் என்று அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊல்லாகூட விரலால் மேஜையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எழுதல! சத்தியமா நான் எழுதல!" என்று டோர்த்தே கத்தினாள். அந்தக் கட்டிடத்தில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை.

"யாரும் உன்னைக் குத்தம் சொல்லல," என்றாள் லோனே மெதுவாக. "நீயா விலகிக்கிட்டா எல்லாருக்கும் நல்லது. காகிதம் கொண்டுவரேன், படிச்சுப் பாரு." அவள் எழுந்து போனாள். டோர்த்தேவால் அங்கே உட்கார முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். ஊல்லா பின்னால் வந்தாள். படிக்கட்டில் நின்று, "கையெழுத்துப் போட மாட்டேன், செத்தாலும் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு டோர்த்தே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு ஹென்னிங் போன் பண்ணினான்.

"ஏன்டி, சொல்லாம கொள்ளாம இப்படி முடிவு பண்ணிட்ட? நேர்லயாவது வந்திருக்கலாமே. எல்லாரும் உன்னை எதிர்பார்த்தாங்க."

"என்ன முடிவு?"

"நேத்து அனுப்பினியே, எல்லாருக்கும். தவறுக்கு வருந்தறேன், நானாவே விலகிக்கறேன், இருபத்தோரு வருஷத்துக்கு நன்றி, வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குக் கேன்டீன்ல கேக்னு. ஊல்லாகூட, அவளே எழுதிட்டா இனிமே சங்கம் என்ன பண்ண முடியும்னு சொல்லிட்டா."

"நான் எழுதல, ஹென்னிங்."

அவன் கேட்டான்: "ஸ்கிரீனைப் பூட்டிட்டுத்தானே போன?"

எழுந்து ஓடியதை நினைத்துப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளியது ஞாபகம் இருந்தது. மெழுகுவத்தி ஞாபகம் இருந்தது. அறையில் ஸ்டீன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. விரல் பூட்டை அழுத்தியது மட்டும் ஞாபகத்தில் இல்லை. இருபத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"கேக் யார் கொண்டுவந்தது?" என்று கேட்டாள்.

"நீ வரலன்னதும் ஸ்டீன்தான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தான். பழுப்புச் சர்க்கரை கேக்."

"நீ சாப்பிட்டியா?"

ஹென்னிங் தொண்டையைக் கனைத்தான்.

"ஒரே ஒரு துண்டு," என்றான்.