அக்காவுக்குத் தெரியாமல் மெலிந்த கதை

நடக்கிறது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் வருகிறதை வாசித்துவிட்டு, இந்த மனிசன் சின்ன வயதில் இருந்தே ஓடித் திரிந்த ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். மன்னார் டவுனில் எங்கள் வீட்டுப் படலையில் இருந்து சந்திக் கடை நூறு மீற்றர்கூட வராது. அதற்கும் மோட்டச்சைக்கிளை எடுக்கிற ஆள் நான். நிறை நூற்றிப் பதினாறு கிலோ. வேலை செய்கிற கந்தோரில் எனக்கென்று கைபிடி இல்லாத கதிரை ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கைபிடி உள்ளதில் இருந்தால் நான் எழும்பும்போது கதிரையும் சேர்ந்து எழும்பும். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. பத்து மணித் தேத்தண்ணியும் ரெண்டு ரோல்ஸும் நேரத்துக்கு வந்தால் எனக்குச் சரி.

பிறகு அக்காவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவ. உயிலங்குளத்தில், அப்பா விட்டுப்போன வீட்டில், அத்தானோடு வயல் செய்துகொண்டு இருக்கிறவ. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்துகொண்டு எவ்வளவு காலம் இழுக்கலாம்? ஆராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்றார் டொக்டர். அத்தானுக்குச் சீனி வருத்தம், அவர் சரிவராது. ஒரே மகள் கம்பஸில் படிக்கிறாள். அவளின் பெயரை எடுத்தாலே அக்கா காதைப் பொத்துவா. மிச்சம் இருந்தது நான். என்னுடைய இரத்தம் பொருந்தியது.

"தம்பி குடுக்கலாம்" என்றார் டொக்டர். சிங்கள ஆள், நல்ல தமிழ். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அது போதாதென்று பக்கவாட்டிலும் பார்த்தார். "ஆனா முப்பது கிலோ குறைக்க வேணும். இந்த உடம்பில கத்தி வைக்க மாட்டம். ஒரு வருசத்துக்குள்ள செய்தா நல்லம்."

நான் வாயைத் திறக்க முதல் அக்கா முந்திவிட்டா. "இவனிட்டை நான் ஒண்டும் எடுக்க மாட்டன். ரெண்டு சின்னப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு இருக்கிறான்." வாடகைக்குப் பிடித்த வானில் திரும்பி வரும்போது இன்னும் ஒரு படி மேலே போனா. "இனி ஆரும் இந்தக் கதை எடுத்தா நான் மெஷினுக்கும் போக மாட்டன்."

அக்கா சொன்னால் செய்கிற ஆள். அதனால் நானும் என் மனிசியும் அத்தானும் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். அவவுக்குச் சொல்லாமல் முப்பது கிலோவையும் குறைத்துவிடுவது. குறைத்துக்கொண்டு போய் முன்னால் நின்றால் என்ன சொல்லப் போறா? அதுவரைக்கும் ஆர் கேட்டாலும் கொலஸ்ட்ரோல் என்று சொல்வது. திட்டம் போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கும் ஒரு கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டுதான் போட்டோம்.

மன்னாரில் காலமையில் நடக்கத் தோதான இடம் பாலத்து ரோட்டுத்தான். தீவில் இருந்து பெருநிலத்துக்கு மூன்று கிலோமீற்றர், ரெண்டு பக்கமும் கடல், நிழலென்று மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. சோழகம் பிடித்தால் பக்கத்தில் இருந்து அடிக்கிற காற்று என்னையே ரோட்டின் மற்றக் கரைக்குத் தள்ளும். ஆனால் என்னுடைய கரைச்சல் காற்று இல்லை. எங்கள் சனம்.

எங்கள் பக்கத்தில் தெரிந்த ஒருவர் ரோட்டில் நடந்து போகிறதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போக ஒருத்தருக்கும் மனம் வராது. முதல் நாள் ஐந்நூறு மீற்றர் போகவில்லை, ஓட்டோ ஒன்று நின்றது. "அண்ணை, ஏறுங்கோ." நடக்கிறன் என்றேன். "எங்கை போறியள்?" ஒரு இடமும் இல்லை, சும்மா. "சும்மாவோ?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அவன் போக ஒரு லொறி. லொறி போக எங்கள் கந்தோர் மேலதிகாரியின் வாகனம். மேலதிகாரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி வேண்டாம் என்கிறது? ஏறினேன். பெருநிலக் கரையில் இறங்கித் திரும்பி நடக்கத் தொடங்கினால், அங்கே இருந்து டவுனுக்கு வருகிற சனம் ஏற்றத் தொடங்கிவிட்டது. மன்னாரில் ஒருத்தரும் ஏறச் சொல்லிக் கேட்காதது ரோட்டில் திரிகிற கழுதைகளை மட்டும்தான். அந்த முதல் மாதம் அதுகளைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

மற்றவர்கள் போகப் போக அலுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. சிலாவத்துறையில் இருந்து மோட்டச்சைக்கிளின் பின்னால் ஐஸ்பெட்டி கட்டி மீன் கொண்டு வருகிற முஸ்லிம் அண்ணர், எல்லாருக்கும் நானா. ஒவ்வொரு நாளும் நிறுத்துவார், நானும் ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்பேன். மூன்றாம் கிழமை எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கியே வந்தார்.

"சேர், ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்க. மீன் மணக்குது எண்டுதானே ஏறுறீங்க இல்ல?"

இல்லை நானா, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல அவரின் முகம் இன்னும் இருண்டுகொண்டு போனது. வேறு வழியில்லாமல் ஏறி, ஐஸ்பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நெருங்கி இருந்துகொண்டு, உண்மையைச் சொன்னேன். உலகத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர அந்தக் கதை தெரிந்த முதல் ஆள் அவர்தான். சந்தையில் இறங்கும்போது சொன்னார்: "பொரிச்ச மீனை விடுங்க. அவிச்சுத் தின்னுங்க. வெள்ளிக்கிழம மட்டும் ஏறுங்க, எனக்கும் ஒரு சந்தோசம்." அன்றில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் ஏறினேன். மற்ற நாட்களில் கடந்து போகும்போது வேகத்தைக் குறைத்து, "இன்னும் வயிறு இருக்கு சேர்" என்று உற்சாகப்படுத்திவிட்டுப் போவார்.

சீனி போடாத பிளேன்ரீ, குரக்கன் ரொட்டி, கந்தோரில் ரோல்ஸுக்குப் பதில் கெக்கரிக்காய். பின்னேரத்தில் வீட்டு முற்றத்தில் கயிறடிப்பு. பிள்ளைகள் ரெண்டும் கதிரை போட்டு இருந்து எண்ணும். பதினைந்துக்கு மேல் அதுகளுக்கு வேலை இருக்கவில்லை. நாலு மாதத்தில் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் விட்டது. உடனே சனம் எனக்கு ஏதோ பொல்லாத வருத்தம் என்று முடிவு கட்டிவிட்டது. கந்தோரில் என்னைக் கண்டால் கதை நின்றுவிடும். ஒரு மனிசி சத்துமா ரின்னோடு வீட்டுக்கு வந்து, என் மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு காலமாம்?" என்று கேட்டிருக்கிறா. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரின்னைத் திறந்து தின்றிருப்பேன். மனிசி ஒளித்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் என் எதிரி. அன்றைக்கு அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அது மாறாத வழக்கம். அக்காவிடம் "காணும்", "போதும்" என்ற சொல்லெல்லாம் செல்லாது. சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடினால் சோற்றைக் கைக்கு மேலேயே வைப்பா. எழும்பப் பெலமில்லாத உடம்போடு, எனக்கென்று விளைமீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்துவிட்டு, தான் உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டு முன்னால் இருப்பா. அவவுக்கு விலக்கின ருசி எல்லாம் என் வாயால்தான் அவவுக்குப் போகும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்கிறது? மெலியிறாய், மெலியிறாய் என்று இன்னும் ரெண்டு அகப்பை கூடத்தான் விழுந்தது. அக்கா குழம்பு எடுக்கக் குசினிக்குப் போகிற நேரம் பார்த்து அத்தான் என் கோப்பையில் இருந்து அள்ளித் தன் கோப்பையில் போடுவார். எனக்கு நிறை குறைய, அத்தானுக்குச் சீனி ஏறியது. பிறகு அந்த வேலையை நாயிடம் கொடுத்தோம். நாய் கொழுத்தது.

சாப்பாடு முடிந்து அக்கா கண்ணயர்ந்ததும், அத்தானும் நானும் பின்பக்கம் நெல்லு அறைக்குப் போவோம். வீட்டில் இருந்த சின்னத் தராசு நான் ஏறி இறங்கின அன்றோடு சரி. அதனால் நெல்லுமூடை நிறுக்கிற தராசில்தான் என் நிறுவை. அத்தான் ஒரு வெண்கட்டியால் கதவின் உட்பக்கம் எழுதி வைப்பார். நூற்றிப் பதினாறு, நூற்றிப் பதின்மூன்று, நூற்றிப் பத்து. ஏழாம் மாதம் தொண்ணூற்றெட்டு. அதை எழுதிவிட்டு அத்தான் என் முதுகில் தட்டின தட்டில் நெல்லுத்தூசி பறந்தது.

அடுத்த ஞாயிறு நான் போய் இறங்கும்போதே அக்கா நெல்லு அறை வாசலில் நின்றா. அத்தான் பக்கத்தில், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிக் கைகட்டிக்கொண்டு.

"நீயே கேள் தம்பி, இந்த மனிசன் என்ன செய்யுது எண்டு. இஞ்சை பார், எல்லாம் எழுதிக் கிடக்கு. ரெண்டு மூடை நெல்லு கிழமைக்குக் கிழமை குறைஞ்சுகொண்டே போகுது. நான் வருத்தக்காரி, எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு ஆருக்கு அள்ளி விக்குது? குடிக்கத் தொடங்கிட்டுதோ?"

அத்தான் கல்யாண வீட்டில்கூட ஒரு துளி வாயில் வைக்காத மனிசன். கண் கலங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அக்கா மெஷினுக்குப் போகாமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றேன். தொண்ணூற்றேழரை.

அக்கா தராசைப் பார்த்தா, கதவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கொலஸ்ட்ரோல்காரன் ஏன் களவாக நிறுக்கிறான் என்று அவவுக்கு விளங்காதா? பக்கத்தில் இருந்த மூடையில் மெல்லக் குந்தினா.

"ஆரைக் கேட்டு?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"என்னைக் கேக்காமல் நீ எப்பிடி..."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஏழு மாதப் பசியும் சேர்ந்த கோபம். "முகாமிலை உங்கடை கோப்பையிலை இருந்து எனக்குத் தள்ளேக்கை நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ?"

இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது எனக்குப் பத்து வயது. ஆளுக்கு ஒரு அகப்பைக் கஞ்சி தருவார்கள். அக்கா ஒவ்வொரு நேரமும் தன்னுடையதில் பாதியை என் கோப்பைக்குள் சரித்துவிட்டு, தனக்கு வயிற்றுக்குள் சரியில்லை என்பா. நானும் நம்பித் தின்றேன். அவவுக்கு ஒரு வருசம் முழுக்க வயிறு சரியில்லாமல் இருந்திருக்காது என்று எனக்கு விளங்க எத்தனையோ காலம் சென்றது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அக்கா எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

மூன்று கிழமை என்னோடு கதை இல்லை. அத்தான் மட்டும் மெஷின் நாட்களில், அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஃபோன் எடுத்து, "போட்டா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைப்பார். அந்தச் சொல் வரும்வரைக்கும் எனக்குக் கந்தோரில் ஒரு கடிதம் ஓடாது. அவ போகாமல் விட்டிருந்தால் நான்தான் காரணம்.

நாலாம் ஞாயிறு, வாறது வரட்டும் என்று போனேன். அக்கா கோப்பையை வைத்தா. குசினியில் இருந்து ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை நிறையச் சிவப்பரிசிப் புட்டைக் கொண்டுவந்து கவிழ்த்தா. ஒன்று. அவித்த மீன் ஒரு துண்டு, வல்லாரைச் சம்பல். அவ்வளவுதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. நான் மூன்று வாயில் முடித்துவிட்டுப் பார்த்தேன். பசி அடங்கவே இல்லை.

"அக்கா, இன்னும் கொஞ்சம்..."

"காணும்" என்றா அக்கா. "எண்பத்தாறுக்கு இன்னும் பதினொண்டு கிடக்கு."

அத்தான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் அவ எனக்கு வைத்ததில் ஆகக் குறைந்த சாப்பாடு அது. ஆக நல்ல சாப்பாடும் அதுதான்.

அதற்குப் பிறகு கடைசி மாதங்களை அக்காவே எடுத்து நடத்தினா. மெஷினில் படுத்துக்கொண்டே பத்து மணிக்குக் கந்தோருக்கு ஃபோன் எடுப்பா, "தேத்தண்ணியோடை என்ன?" என்று. மழை நாளில் நடக்கப் போகாவிட்டால் மனிசிக்கும் சேர்த்து ஏச்சு. நான் களைத்துப் படுத்தால், "எனக்குத் தரப்போறதை ஒழுங்கா வைச்சிரு" என்பா. எண்பத்தாறைத் தொட்ட அன்றைக்கு அத்தான் கதவில் எழுதவில்லை, அக்காதான் எழுதினா.

கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது. எனக்கு மயக்கம் தெளிந்தபோது விலாப்பக்கம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. அக்காவுக்கு எப்படி என்று கேட்டேன். சிங்கள நேர்ஸ்பிள்ளை, தமிழ் கொஞ்சம்தான் தெரியும், யோசித்துச் சொற்களைப் பொறுக்கிச் சொன்னாள்: "அக்காக்கு சூ போறது. நல்லா போறது." மூன்றாம் நாள் அத்தான் வந்து, விளைச்சல் சொல்கிற மாதிரிச் சிறுநீருக்கு லீற்றர் கணக்குச் சொன்னார். ஊருக்கும் ஃபோன் எடுத்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வெட்கமில்லாமல், உரத்து.

அக்காவைத் தனியறையில் வைத்திருந்ததால் பார்க்க விடவில்லை. ஆறாம் நாள் அவவே ஃபோன் எடுத்தா.

"தம்பி, குழாயைக் கழட்டிப்போட்டினம். இப்ப நானாவே எழும்பிக் கக்கூசுக்குப் போய் இருந்திட்டு வாறன்."

"எப்பிடி அக்கா?"

ரெண்டு வருசமாக அவவுக்குச் சிறுநீர் போனதில்லை.

"அது எப்பிடி இருக்கும் எண்டே எனக்கு மறந்துபோச்சடா" என்றா.

நான் அழுதேன். அழ அழத் தையல் இழுத்தது, உயிர் போகிற நோ. அப்படியும் அழுதேன்.