வலிக்கிற கை முதலில்

வலது தோளில் வலி வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய்ப் பாடம் நடத்துகிறவள் நான். கரும்பலகையின் மேல்பக்கம் எழுதக் கை ஏறவில்லை. கைக்கு வலு வந்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவுசெய்து, பெண்களுக்கென்று புதிதாகத் திறந்திருந்த ஜிம்மில் சேர்ந்தேன்.

பயிற்சி தரும் பெண் ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி ஏழு கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஐந்தாம் நாள், யாரும் கவனிக்காதபோது ஐந்து கிலோவை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினேன். தோளுக்குள் சுருக்கென்றது.

மறுநாள் காலை ரவிக்கைக்குள் கை நுழையவில்லை. கணவர் அறுவடைக்காகக் களமருதூர் போயிருந்தார். வீட்டில் அவர் தங்கை மட்டும்தான். புகுந்த வீட்டை விட்டு வந்து ஒரு வருஷமாக எங்களோடு இருந்தாள். எங்களுக்குள் சண்டை இல்லை. குழம்புக்கு உப்பு போதுமா என்பதைத் தாண்டிப் பேச்சும் இல்லை.

என் முனகல் கேட்டு உள்ளே வந்தாள்.

“வுடுங்க அண்ணி. வலிக்கிற கைய மொதல்ல போடணும். நல்ல கை அப்பறம்.”

கொக்கிகளை மாட்டிவிட்டு, நான் கேட்காமலே தலையும் பின்னிவிட்டாள்.

எலும்பு டாக்டர் பார்த்து, தசைநார் கிழியவில்லை, வீக்கம்தான் என்றார். அது தணிந்ததும் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தவை எல்லாம் சின்னச் சின்ன அசைவுகள். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்துவது, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையைப் பின்னால் இழுப்பது. அதன் பிறகுதான் எடை. அதுவும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இப்போதைக்குத் தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் வலி கூடினால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் நான் செய்யும்போது அவள் எதிரே உட்கார்ந்து எண்ணுவாள்.

“இன்னா அவசரம் அண்ணி? மெதுவா எறக்குங்க.”

ஒரு நாள் கேட்டேன், “எந்தக் கைய மொதல்ல போடணும்னு ஒனக்கு எப்டி தெரியும்?”

எண்ணுவதை நிறுத்தினாள். பிறகு சொன்னாள், “அந்த வூட்ல இருந்தப்ப மோட்டார் கொட்டாய்ல வழுக்கி வுழுந்துட்டேன். இடது தோளு. மூணு மாசம் யாரும் இன்னான்னு கேக்கல. நானேதான் எப்டியோ போட்டுக்கினு இருந்தேன்.”

பாட்டிலைக் கீழே வைத்தேன். ஒரே வீட்டில் ஒரு வருஷம். அவள் இடது கையால் பரண் மேலிருந்து எதையும் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் கேட்காதவள்தான்.

“நாளைக்கு டாக்டர் கிட்ட போலாம்.”

“எனக்கு எதுக்குங்க?”

“போலாம் வா.”

போனோம். பழைய அடி, நாளாகும், ஆனால் சரியாகும் என்றார் டாக்டர்.

இப்போது இருவரும் வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறோம். நான் இரண்டு கிலோ, அவள் ஒன்று. போன வாரம் அவள் இடது கை, வலிக்காமல், காதைத் தொடும் உயரத்துக்குப் போனது. கையை இறக்காமல் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

“அண்ணி, பாத்தீங்களா?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.