காஜிப்பேட்டை தாண்டினால் போதும்

வீட்டிலிருந்து யாராவது ஊருக்குக் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேரும்வரை என் மனைவி வீட்டைக் கூட்டமாட்டாள். அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். நானோ ரயில் எஞ்சின் ஓட்டியவன், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருந்தவன். எனக்கும் அதைக் கடைப்பிடித்தால் எங்கள் மெட்டுகுடா வீடு குப்பைமேடாகிவிடும். அதனால் எனக்கு மட்டும் ஒரு சலுகை. செகந்திராபாத்தில் கிளம்பிய வண்டி காஜிப்பேட்டை தாண்டினால் போதும், துடைப்பத்தை எடுத்துவிடுவாள்.

"உங்களுக்கு நூத்திமுப்பது கிலோமீட்டர் கவலைப்பட்டா போதும்" என்பாள்.

மகள் கல்யாணமாகி சிகாகோவுக்குக் கிளம்பிய அன்று மனைவி, "அது எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டாள்.

"நேரா போனாலே பதிமூவாயிரம். உன் மக துபாய் சுத்திப் போறா."

"அப்ப நாளை சாயங்காலம்வரை யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது."

"தண்டவாளமே இல்லாத வண்டிக்கு இதெல்லாம் செல்லாதும்மா" என்று கிண்டல் செய்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. இந்த ஜூலையில் மகள் தன் ஐந்து வயதுப் பெண்ணோடு வந்து மூன்று வாரம் இருந்தாள். பேத்தியிடம் நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை இருவரும் கிளம்பிப் போனார்கள்.

விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு குட்டி விமானம், பக்கத்தில் இன்னும் போகவேண்டிய தூரம். எஞ்சினில் போகும்போது கிலோமீட்டருக்கு ஒரு எண் போட்ட கல் வரும். ஏற்றம் எங்கே, வளைவு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். வீடு திரும்பும்போது அந்த எண் குறையக் குறைய மனசு லேசாகும். இந்த எண்ணும் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் அது குறையக் குறைய அவர்கள் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் சாயங்காலம் 'சேர்ந்துட்டோம்ப்பா' என்று செய்தி வந்தது. துடைப்பத்தை எடுத்தேன். பேத்தி சீவிப்போட்ட பென்சில் சுருள்கள், பிஸ்கட் தூள், கட்டிலுக்கடியில் மகளின் நீள முடி ஒரு கொத்து. இனி எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. துடைப்பத்தைத் திரும்ப வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, இரண்டு நாள் லீவு முடிந்து, என் மனைவி காலத்திலிருந்தே வீட்டு வேலைக்கு வரும் அம்மா வந்தார். அப்போதுதான் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் சமையலறை தெரிந்தது, பின்னால் பேத்தி குதித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவும் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். பேசி முடித்ததும் துடைப்பத்தை எடுத்தார்.

"நக்கோ" என்று ஹைதராபாத் உருதுவில் தடுத்தேன். "பாப்பா இன்னும் போய்ச் சேரலை."

அவர் என் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஹவ் சார்" என்று தலையாட்டி, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார்.